போருக்கு வரமாட்டேன் என்றவர்கள் கோழைகளா?

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் படித்துக்கொண்டே அக்னிவீர் ஆள்சேர்ப்புக்காக விடியுமுன் எழுந்து ஓடிப் பழகுகிறார். பாட்டி பெந்தெகொஸ்தே சபைக்காரர். "கொலை செய்யாதிருப்பாயாகன்னு வேதத்துல எழுதியிருக்கு. நீ துப்பாக்கி பிடிக்கப் போறியா மக்கா?" என்று ஒரே அழுகையாம். பட்டாளத்திலிருந்து வந்த மாமாவோ, "சண்டைக்கு வரமாட்டேன்னு சொன்னவன் எல்லாம் பேடித்தொண்டன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். தம்பியின் கேள்வி மூன்று. போரில் சேர மறுத்தவர்கள் உண்மையிலேயே கோழைகள்தானா? நம் நாட்டில் அப்படி மறுக்க முடியுமா? மருத்துவப் பிரிவில் சேர்ந்தால் பாட்டி சமாதானமாவாரா?

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன். மாமாவின் பேச்சு எனக்குக் காதுக்குப் பழகிய பேச்சு. ஆனால் மறுத்தவர்களைப் பற்றி உட்கார்ந்து படித்தால் "கோழை" என்ற பட்டம் அவர்களுக்கு ஒட்டவே இல்லை. பயந்தவன் என்ன செய்வான்? டாக்டரிடம் பொய்ச் சான்றிதழ் வாங்குவான், வயதை மாற்றிச் சொல்லுவான், ராவோடு ராவாக ஊரைவிட்டுப் போய்விடுவான். இவர்கள் பேரும் ஊரும் சொல்லி, அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று, "மாட்டேன்" என்றவர்கள். என்ன தண்டனை வரும் என்று தெரிந்தே சொன்னவர்கள்.

பாட்டிக்குப் பிடித்த ஆளிலிருந்தே தொடங்கலாம். கி.பி. 295. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தெபெஸ்ஸா அப்போது ரோமாபுரி ஆட்சியில் இருந்த ஊர். மாக்சிமிலியன் என்று 21 வயது இளைஞன். அவன் அப்பா விக்டருக்கே படைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு. மகனுக்குப் பட்டாள உடுப்பும் புதிதாகத் தைத்து வைத்திருந்தார். உயரம் அளக்க நிறுத்தினார்கள். "நான் கிறிஸ்தவன், படையில் சேரமாட்டேன்" என்றான் பையன். ஆளுநர் டியோன் ஒன்றும் கொடுமைக்காரராகத் தெரியவில்லை, நெடுநேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: சக்கரவர்த்திகளின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சேவகம் செய்யவில்லையா? மாக்சிமிலியன் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும், நான் தீங்கு செய்ய முடியாது. சேர்ந்தவர்களை அவன் ஒரு சொல்லும் குறைத்துப் பேசவில்லை. தலையை வெட்டக் கொண்டுபோன இடத்தில் அப்பாவிடம், எனக்காகத் தைத்த புது உடுப்பை இந்தச் சேவகனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். வெட்டப் போகிற ஆளுக்கு! அப்பா கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனதாகக் குறிப்பு இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். டியோன் கேட்ட கேள்வி இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது.

மாமாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நம் மரபில் போர்க்களத்தில் இரண்டு ஆட்கள்தான் உண்டு. மார்பில் புண் பட்டவன், முதுகில் புண் பட்டவன். முன்னவனுக்கு நடுகல். பின்னவன் என் மகனாக இருந்தால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன தாயைப் புறநானூறு பாடுகிறது. களத்துக்கு நடுவே நின்றுகொண்டு ஆயுதத்தைக் கீழே வைக்கும் மூன்றாவது ஆளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதே நூலில் கோவூர் கிழார், முற்றுகையிட்ட சோழனிடமும் முற்றுகைக்குள் இருந்த சோழனிடமும், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று சொல்லிப் போரை நிறுத்தப் பார்த்தார். ஆனால் அவர் புலவர். படைவீரன் அப்படிச் சொல்லியிருந்தால் பாட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சரி, இந்த மூன்றாவது ஆள் சட்டத்தின் கண்ணில் பட்டது எப்போது என்று கேட்டால், 1916-ஆம் ஆண்டு பிரிட்டனில் என்று சொல்லலாம். அதற்கு முன்னாலும் குவேக்கர், மென்னோனைட் போன்ற சிறு சபைகள் போரை மறுத்தன. 1895-இல் ரஷ்யப் பேரரசில் டூக்கபோர் என்ற விவசாயக் கூட்டம் வைத்திருந்த ஆயுதங்களை எல்லாம் குவித்துத் தீ வைத்தது. அடி உதை, நாடுகடத்தல் எல்லாம் ஆகி, டால்ஸ்டாய் தன் நாவல் வருமானத்தைக் கொடுத்து உதவ, ஆயிரக்கணக்கில் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். ஆனால் ஒரு பெரிய அரசு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் போடும்போதே, மனசாட்சி இடம் தரவில்லை என்பவருக்கும் அதில் ஒரு வழி வைத்தது பிரிட்டனில்தான் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஜனவரியில் வந்த சட்டம் 18 வயது முதல் 41 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களைப் படைக்கு இழுத்தது. சில மாதங்களில் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. மறுப்பவர் உள்ளூர் விசாரணைக் குழு முன் நின்று தன் மனசாட்சியை நிரூபிக்க வேண்டும். குழுவில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள், கூடவே ராணுவத்தின் சார்பில் ஒருவர். "உன் அக்காளையோ அம்மாவையோ ஜெர்மன்காரன் தாக்கினால் கைகட்டி நிற்பாயா?" என்பது அங்கே வாடிக்கையான கேள்வி. நம் ஊர் டீக்கடையிலும் இதே கேள்விதான் வரும். வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுப்பதும், முன்பின் தெரியாத ஒருவனைச் சுடச் சொல்லி மூன்றாமவர் அனுப்புவதும் ஒன்றா என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. குழுக்கள் அதைப் பெரும்பாலும் காதில் வாங்கவில்லை.

மறுத்தவர்கள் சுமார் 16,000 பேர். தெருவில் சீருடை இல்லாமல் நடந்தவர்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணித்து அவமானப்படுத்தினார்கள். பலர் சண்டையில்லாத வேலைகளை ஏற்றார்கள். ஆறாயிரம் பேர்போல ஒரு தடவையாவது சிறை பார்த்தார்கள். இதில் ஒரு கூட்டத்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஐம்பது பேர்போல மறுப்பாளர்களை 1916 மே மாதம் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். சும்மா இல்லை. உள்நாட்டில் ஆணையை மீறினால் சிறை. பிரான்ஸ் போர்முனை, அங்கே மீறினால் மரண தண்டனை. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் சட்டென்று புரியும். அவர்களில் ஒருவர் பெர்ட் பிராக்கிள்ஸ்பி, யார்க்‌ஷயர் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், மெதடிஸ்ட் சபைக்காரர். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல வழியில்லை. போர்முனை வீரர்களுக்குக் கொடுத்த தபால் அட்டையில் வரிகள் அச்சடித்தே இருக்கும்: நலமாக இருக்கிறேன், உங்கள் கடிதம் கிடைத்தது, நெடுநாளாகக் கடிதம் இல்லை, பின்தளத்துக்கு அனுப்புகிறார்கள், இந்த மாதிரி. வேண்டாத வரியை அடித்துவிட்டு அனுப்பலாம். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை குப்பைக்குத்தான். பிராக்கிள்ஸ்பி வரிகளை அடித்ததோடு நிற்காமல் எழுத்துகளையும் அடித்தார். ஆங்கிலத்தில் அச்சடித்த அந்த வரிகளில் அவர் அடிக்காமல் விட்டது, "பேஸ்" (base) என்பதில் முதல் எழுத்து, "யுவர்" (your) என்பதில் நடு இரண்டெழுத்து, "லாங்" (long) என்ற சொல் முழுதாக. மிச்சத்தைச் சேர்த்துப் படித்தால் பூலோன், பிரான்சின் துறைமுக ஊர். தணிக்கைக்காரர் கவனிக்கவில்லை, வீட்டார் கவனித்தார்கள். விஷயம் நாடாளுமன்றம் வரைக்கும் போனது.

ஆனாலும் ராணுவ நீதிமன்றம் நடந்தது. ஜூன் நடுவில், அணிவகுத்து நின்ற படைக்கு முன்னால் முதல் நாலு பேரை நிறுத்தித் தீர்ப்பை வாசித்தார்கள். "சுட்டுக் கொல்லத் தீர்ப்பளிக்கப்படுகிறது" என்று வாசித்து நிறுத்தினார் அதிகாரி. பிறகு, தளபதி ஹெய்க் அதை உறுதிசெய்துவிட்டார் என்றார். மறுபடியும் ஒரு நீண்ட நிறுத்தம். அப்புறம்தான், பத்து ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்படுகிறது என்ற மூன்றாவது வரி. இப்படி மொத்தம் 35 பேருக்கு மரண தண்டனை விதித்துக் குறைத்தார்கள். அந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் ஒருவர்கூட "சரி, துப்பாக்கியைக் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. பேடித்தொண்டன் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்த இடம்தான்.

போர் முடிந்தும் விடவில்லை. மறுத்தவர்களுக்கு ஐந்தாண்டு வாக்குரிமை இல்லை என்று சட்டம் வந்தது. சிறையிலும் முகாமிலும், அவற்றின் விளைவாகவும் இறந்தவர்கள் எழுபதுக்கும் மேல். சிறை போனவர்களில் ஃபென்னர் பிராக்வே கல்கத்தாவில் பிறந்தவர். கட்டாயச் சேவைக்கு எதிரான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் நாடாளுமன்றத்தில் இந்திய விடுதலைக்காக விடாமல் பேசினார். லண்டன் டேவிஸ்டாக் சதுக்கத்தில் 1994 மே 15-ஆம் தேதி இவர்களுக்காக ஒரு பெரிய கல் நட்டார்கள். கொல்ல மறுக்கும் உரிமையை நிலைநாட்டியவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. திறந்துவைத்த இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட்டும் இரண்டாம் உலகப் போரில் மறுத்துச் சிறை போனவர்தான். நடுகல் என்றால் நமக்கு வேறு படம் வரும். இது அந்த வகையில் சேராத நடுகல்.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடுமை. தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் சபையைச் சேர்ந்த விவசாயிகள், ஹோஃபர் சகோதரர்கள் மூன்று பேர், உறவினர் ஒருவர். 1918-இல் கட்டாயப் படைக்கு அழைத்தார்கள். முகாமுக்குப் போனார்கள், ஆனால் சீருடை போட மறுத்தார்கள். இருபதாண்டு தண்டனை. அல்காட்ராஸ் தீவுச் சிறையின் நிலவறையில் உள்ளாடையோடு அடைத்து, சீருடையைப் பக்கத்தில் வைத்தார்கள். குளிர் தாங்காமல் எப்படியும் எடுத்துப் போடுவார்கள் என்று கணக்கு. போடவில்லை. நவம்பர் 11-ஆம் தேதி போரே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கான்சாஸ் மாநிலத்தில் இருந்த ராணுவச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே நோயில் விழுந்து ஜோசப் நவம்பர் கடைசியில் இறந்தார், சில நாளில் மைக்கேலும் இறந்தார். ஜோசப்பின் மனைவி சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, உயிரோடு இருந்தவரை போடமாட்டேன் என்ற சீருடையைப் பிணத்துக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். நான் சீருடையை மதித்து நடந்தவன். அதனால்தான் இந்த இடத்தைப் படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுத்தவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. இதைச் சொல்லாவிட்டால் தம்பிக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். ஒரு வகை, ஆயுதம் தொடமாட்டேன், ஆனால் காயம்பட்டவனைத் தூக்குவேன் என்பவர்கள். இன்னொரு வகை, அந்த வேலையும் போரைத்தான் நடத்திக்கொடுக்கிறது, அதையும் செய்யமாட்டேன் என்பவர்கள். நம் நர்சிங் அசிஸ்டன்ட் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குணமாக்கி அனுப்பிய ஆள் மறுபடியும் முன்வரிசைக்குத்தான் போகிறான். இரண்டாவது வகைக்காரர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் மனசு முதல் வகையோடுதான் நிற்கிறது.

அந்த முதல் வகையில் ஒருவரை நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், அவருடைய இந்தக் கதை தெரியாவிட்டாலும். களியக்காவிளையிலிருந்து பஸ் ஏறித் தம்பானூரில் இறங்கினால், நிலையத்துக்குப் பக்கத்திலேயே செங்கல்லில் சுருளாக மேலே ஏறும் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தரை சரிவாக ஏறிக்கொண்டே போகும். மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கும். அதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்தவர், குவேக்கர். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். கட்டடக்கலை படித்த ஆளுக்கு அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வேலை. பிறகு தொழுநோயாளிகளைக் கவனித்தார். உடல்நிலை கெட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். பேக்கர் காலில் இருந்த, துணியால் கையால் செய்த செருப்பைக் காந்தி கவனித்ததிலிருந்து பேச்சு தொடங்கியதாகச் சொல்வார்கள். போர் முடிந்ததும் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டும் வேலையாக இந்தியாவுக்கே திரும்பி வந்தார், கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்தார், கடைசியில் திருவனந்தபுரத்தில் நிலைத்து 2007-இல் காலமானார். செலவு குறைந்த வீடு என்றால் இன்றும் நம் மேஸ்திரிமார் வாயில் முதலில் வருவது அவர் பெயர்தான். பத்மஸ்ரீ வாங்கிய இந்தக் கிழவர் இளமையில் "போருக்கு வரமாட்டேன்" என்றவர் என்று மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

டெஸ்மண்ட் டாஸ் கதையைத் திரைப்படமாகவே எடுத்துவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செவன்த் டே அட்வென்டிஸ்ட், அமெரிக்கப் படையில் துப்பாக்கி இல்லாத மருத்துவ உதவியாளர். 1945-இல் ஒக்கினாவாவில் செங்குத்தான பாறை உச்சியிலிருந்து எழுபத்தைந்து பேர்போலக் காயம்பட்டவர்களைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றார். அதிகம் பேர் அறியாதது மின்னசோட்டா பரிசோதனை. அதே போரில் 36 மறுப்பாளர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். பஞ்சத்தில் ஒட்டிப்போன ஐரோப்பியர்களுக்கு மறுபடி எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டறிவதற்காக. எலும்பும் தோலுமான அவர்களின் படங்களைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. நெடுநாள் பட்டினி கிடந்தவர்களைத் தேற்றுவது பற்றிப் பேசும் மருத்துவர்கள் இன்றும் அந்தப் பரிசோதனைக் குறிப்புகளைத்தான் எடுக்கிறார்கள்.

இப்போது கடினமான கேள்வி. எல்லாரும் இப்படி மறுத்திருந்தால் ஹிட்லரை யார் நிறுத்தியிருப்பார்கள்? இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. முதல் உலகப் போரை எதிர்த்து எழுதி 1918-இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்ற ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலே, ஹிட்லருக்கு எதிரான போரை ஆதரித்தார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அப்படியானால் மறுப்பாளர்களின் வாதம் விழுந்துவிட்டதா என்றால், ஆஸ்திரியாவுக்குப் போக வேண்டும்.

ஃப்ரான்ஸ் யாகர்ஸ்டாட்டர், செயின்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர் விவசாயி. கத்தோலிக்கர், மூன்று பெண் குழந்தைகளின் அப்பா. ஹிட்லரின் போர் அநியாயப் போர், அதில் சண்டையிடமாட்டேன் என்றார். பங்குத்தந்தையும் ஆயரும் குடும்பத்தை நினைத்துப் பார் என்றுதான் சொன்னார்கள். 1943 மார்ச்சில் அழைத்தபோது ஒளியவில்லை, முகாமுக்கு நேரில் போய் மறுப்பைச் சொன்னார். மருத்துவப் பணி செய்யத் தயார் என்று சொன்னதையும் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி தலை வெட்டப்பட்டது. ஊரில் மனைவி ஃப்ரான்சிஸ்காவைத்தான் குறை சொன்னார்கள், இவள்தான் கெடுத்தாள் என்று. போர் முடிந்தும் விதவைப் பென்ஷன் உடனே கிடைக்கவில்லை. 2007-இல் திருச்சபை அவரை அருளாளர் ஆக்கியபோது, தொண்ணூறு தாண்டிய ஃப்ரான்சிஸ்கா நேரில் இருந்தார். ஹிட்லரை நிறுத்த ஆயுதம் வேண்டியிருந்தது, உண்மை. ஹிட்லருக்கு ஆயுதம் தூக்கிக்கொடுத்த லட்சக்கணக்கான விவசாயிகளில் பாதிப் பேராவது யாகர்ஸ்டாட்டர் மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியை ஏனோ யாரும் டீக்கடையில் கேட்பதில்லை.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைச் சொல்லாமல் விட்டால் தம்பி கோபிப்பார். 1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்கான அழைப்பை மறுத்தார், சாம்பியன் பட்டம் போயிற்று, ஐந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் வளையத்துக்குள் ஏற முடியவில்லை. 1971-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அரசுகள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டன. மறுத்தவர்களை ஹிட்லர் காலத்தில் கொன்ற ஜெர்மனி, 1949-இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் ஆயுதம் ஏந்தவைக்கக்கூடாது என்று போட்டது. பிறகு பல தலைமுறை இளைஞர்கள் படைக்குப் பதில் முதியோர் இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்தார்கள். தென் கொரியாவில் யெகோவாவின் சாட்சிகள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் ஒன்றரை வருடம், சிறையில் கிடந்தார்கள். 2018-இல் நீதிமன்றங்கள் வழிவிட்டன. மாற்றுச் சேவை இப்போது 36 மாதம், அதுவும் சிறை வளாகங்களில். தரைப்படைச் சேவை 18 மாதம். இரண்டு மடங்கு வைத்தால் பொய் மனசாட்சிக்காரன் வரமாட்டான் என்று கணக்குப் போலும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லை. ஆகவே படைக்கு வரமாட்டேன் என்று மனுப் போட வேண்டிய தேவையும் இல்லை. ஆள்சேர்ப்பு ரேலிக்குப் போகாவிட்டால் முடிந்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பொது நோக்கத்துக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடம் வைத்திருக்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து மட்டும் பாகுபடுத்தக்கூடாது என்பதுதான் நிபந்தனை. நாளைக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் மனசாட்சிக்காரர் நிற்கக்கூடிய இடம் 25-ஆம் பிரிவு. மனசாட்சிச் சுதந்திரம் என்று அதிலேயே இருக்கிறது.

அந்தச் சுதந்திரம் பற்றிய பெரிய தீர்ப்பு கேரளத்திலிருந்துதான் போனது. 1985 ஜூலையில் கோட்டயம் பக்கத்து கிடங்ஙூரில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை. எங்கள் விசுவாசம் இடம் தரவில்லை என்றார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார். நமது மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நமது தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நமது அரசியல் சட்டம் சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று முடித்தார். அது பள்ளி விவகாரம், படை விவகாரம் இல்லை. ஆனாலும் வித்தியாசமான நம்பிக்கை உள்ள சிறுபான்மையை நம் நீதிமன்றம் எப்படிப் பார்க்கலாம் என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் நல்ல சாட்சி.

போர் எதிர்ப்பு என்று ஊரறியச் செய்ததும் நம்மிடம் உண்டு. 1940 அக்டோபர் 17-ஆம் தேதி வினோபா பாவே, இந்தப் போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தவறு என்று பேசத் தொடங்கி, சில நாளில் கைதானார். தனிநபர் சத்தியாகிரகம் என்று பேர். அடுத்தடுத்து ஆயிரக்கணக்கானவர்கள் அதே வாசகத்தைச் சொல்லிச் சிறை போனார்கள். ஆனால் காந்தியை வைத்து நேர்கோடு போடாதீர்கள். போயர் போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர், 1918-இல் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கப் பார்த்தவரும் அவர்தான். ஜனங்கள் வண்டிகூடக் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. 1930 ஏப்ரல் 23, பெஷாவர். கான் அப்துல் கஃபார் கானைக் கைது செய்ததை எதிர்த்து நிராயுதபாணிக் கூட்டம் திரண்டது. கூட்டத்தை நோக்கிச் சுடும்படி கார்வால் ரைபிள்ஸ் வீரர்களுக்கு ஆணை வந்தபோது ஹவில்தார் சந்திர சிங்கும் தோழர்களும் மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, சொத்தையும் பறித்தது. 1941-இல்தான் வெளியே வந்தார். சுதந்திர இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நாடே கொண்டாடிய இந்த மறுப்பைப் பற்றி 1931-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது காந்தி என்ன சொன்னார் தெரியுமா? சுட மறுக்கும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான், அப்படி மீறச் சொல்லி நான் கேட்க முடியாது, நாளை நான் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்றார். பலருக்கு இது கசந்தது. எனக்கும் சந்திர சிங் செய்ததுதான் பெரிது. ஆனால் காந்தி தொட்டது சரியான நரம்பு. சேருமுன் மறுப்பது ஒன்று, உறுதிமொழி எடுத்தபின் மறுப்பது வேறொன்று.

தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. பயிற்சி முடிந்து கசம் பரேட் என்ற உறுதிமொழி அணிவகுப்பு நடக்கும். தரை, கடல், ஆகாயம் எந்த வழியாக அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்தானாலும் மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிவேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ராணுவச் சட்டத்தில் மனசாட்சிக்கென்று தனி இடம் கிடையாது. 41-ஆம் பிரிவில் சட்டப்படியான ஆணையை மீறினால் போர்க்காலப் பணியில் 14 ஆண்டுவரை சிறை. 38-ஆம் பிரிவில் போர்க்காலப் பணியிலிருந்து ஓடினால் மரண தண்டனை வரைக்கும் போகும். "சட்டப்படியான" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிராயுதபாணியைச் சுடு என்பது போன்ற ஆணையை மறுக்க அந்தச் சொல்தான் இடம். அது நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க வேண்டிய இடம்.

மருத்துவப் பிரிவில் சேர்ந்தால் பாட்டி சமாதானமாவாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள். லக்னோவில், ராணுவ மருத்துவப் பிரிவின் பயிற்சி மையத்தில், எங்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நோயாளியையும் தன்னையும் காக்க ஆயுதம் பிடிக்க வேண்டிவரும். டாஸுக்குக் கிடைத்த மாதிரி துப்பாக்கியில்லாத ஏற்பாடு இங்கே இல்லை. அக்னிவீர் நாலு வருடம். நடுவில் மனசு மாறினால் சும்மா கிளம்ப முடியாது. அசாதாரணமான காரணம் இருந்து மேலிடம் ஒப்புக்கொண்டால்தான் விடுவார்கள்.

ஆகவே பாட்டி கேட்கும் கேள்வி உங்கள் கேள்வியும்தானா என்று திருவனந்தபுரத்துப் பாங்கோடு ராணுவ முகாமுக்குப் பஸ் ஏறுமுன் பாருங்கள். அவருடையது மட்டும் என்றால், மாக்சிமிலியன் மற்றவர்களைப் பற்றிச் சொன்ன பதிலை அவரிடமே மரியாதையாகச் சொல்லிவிட்டு ரேலிக்குப் போகலாம். உங்களுடையதும் என்றால் போகாதீர்கள். ஓடிப் பழகிய கால்களுக்குத் தீயணைப்புத் துறையிலும் உடல்தகுதித் தேர்வு உண்டு. ஆம்புலன்ஸ் வேலைக்கு வேண்டிய படிப்பு என்ன, எங்கே சேரலாம் என்பதை வந்து கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்லித்தருகிறேன். மாமா ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், இரண்டு பட்டாளக்காரர்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம்.